மாஸ்காட் அடம்பிடித்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கோவை கணபதியில் நாங்கள் நான்கு பேர் நடத்தும் சின்ன ஸ்டுடியோவுக்கு வரும் வேலையில் பாதி மாஸ்காட், அதாவது பிராண்டுக்கு முகமாக நிற்கும் கார்ட்டூன் உருவம், செய்யும் வேலை. மாட்டுத்தீவனத்துக்குக் காங்கேயம் காளை, மசாலாவுக்கு ஈரோட்டு மஞ்சள் கிழங்கு, எண்ணெய்க்குக் குடுமி வைத்த பொள்ளாச்சித் தேங்காய். படமாக வரைந்து பையில் அச்சடிப்பதோடு முடிந்த காலத்தில் தலைவலி இல்லை. இப்போது வந்தவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும், தொட்டால் சிரிக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். கோளாறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

எந்தக் கோளாறு வந்தாலும் உடனே ரிக்கை, அதாவது உருவத்தை அசைக்கும் உள் எலும்புக்கூட்டை, திறந்து நோண்டாதீர்கள். நானே இரண்டு ராத்திரியை அப்படித் தொலைத்திருக்கிறேன். முதலில் அதே அசைவை மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள்: செய்த மென்பொருளுக்குள் (எங்களுக்குப் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள்), எக்ஸ்போர்ட் செய்த கோப்பை ஒரு வெறும் வியூவரில், கடைசியாக அது ஓடப்போகும் அதே மெஷினில். பிளெண்டரில் சரியாக இருந்து வியூவரில் கெட்டால் எக்ஸ்போர்ட்டில் கோளாறு. வியூவரில் சரியாக இருந்து ஸ்டாலில் கெட்டால் உங்கள் புரோகிராமில், அல்லது டிவியில், ஸ்பீக்கரில், தரையில். கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. கீழே வருகிற எல்லாவற்றிலும் இதைத்தான் தேடப்போகிறோம்.

"கும்பிடு போட்டா கை கோணிக்குது"

நம்மூர் மாஸ்காட்டுக்கு முதல் வேலை வணக்கம் சொல்வது. ரிக்குக்குக் கடினமான நிலையும் அதுவேதான். கடையில் வாங்கும் ரெடிமேட் ரிக்குகள் கையை ஆட்டி விடைகொடுக்கப் பழகியவை. இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு நேராகச் சேர வேண்டும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

கை எட்டவே இல்லை என்றால் குற்றம் வரைபடத்தில். எங்கள் தேங்காய்க்கு நடந்தது இதுதான். உருண்டை உடம்பு, குட்டிக் கை, பார்க்க அழகு. ரிக் போட்டுக் கும்பிடச் சொன்னால் கைகள் வயிற்றின் இரண்டு பக்கமும் நின்றுவிட்டன. இழுத்துச் சேர்த்தால் தோள் கிழிந்தது. ஒரு வாரம் வெயிட் பெயின்ட் அடித்து (எந்த எலும்பு தோலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று மாற்றி மாற்றிக் குறித்து)ப் பார்த்துவிட்டு, கடைசியில் கையை நீளமாக்கி மறுபடி வரைந்தோம். அன்றிலிருந்து பென்சில் நிலையிலேயே எந்த மாஸ்காட்டையும் கும்பிடவைத்துப் பார்த்துவிடுகிறோம். கட்டாயம் உருண்டையாகத்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் நின்றால், கோயிலில் கும்பிடுவதுபோலத் தலைக்கு மேலே கையைக் கூப்ப வைக்கலாம். உடம்பு குறுக்கே வராது.

கை எட்டுகிறது, ஆனால் முன்னங்கை பிழிந்த துண்டுபோல ஒடுங்குகிறது என்றால் அது தோலைப் போன்களோடு (ரிக்கின் எலும்புகளோடு) சேர்க்கும் கணக்கில் வரும் கோளாறு. மணிக்கட்டு ஒரே போனில் முழுதாகத் திரும்பும்போது, நடுவில் இருக்கும் புள்ளிகள் இரண்டு நிலைகளுக்கும் சராசரியாக உள்ளே போய்விடும். முன்னங்கையில் இரண்டு அல்லது மூன்று முறுக்குப் போன்கள் சேர்த்து, திருப்பத்தைப் பங்குபோட்டுக் கொடுங்கள். தீர்ந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிளெண்டரின் ஆர்மேச்சர் மாடிஃபையரில் 'பிரிசர்வ் வால்யூம்' என்று ஒரு டிக் உண்டு. போட்டால் கை உடனே அழகாகிவிடும். ஆனால் பிரவுசருக்கு அனுப்பும் ஜிஎல்பி என்ற 3டி கோப்பில் அந்தக் கணக்கு போகாது. பிளெண்டரில் ஜம்மென்று இருக்கும் கை பிரவுசரில் மறுபடி ஒடுங்கும். பிரவுசருக்குப் போகும் வேலையில் அந்த டிக்கை ஆரம்பத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். இன்னொன்றும் பாருங்கள். ஒரு புள்ளியை ஐந்தாறு போன்கள் இழுத்தால், வழக்கமான எக்ஸ்போர்ட் அமைப்பு நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். காளையின் திமில் பக்கம் கழுத்து, தோள், முதுகு எல்லாம் கூடுவதால் அங்கே இது பளிச்சென்று தெரியும். எக்ஸ்போர்ட்டுக்கு முன் 'லிமிட் டோட்டல்' 4 என்று வைத்து, 'நார்மலைஸ் ஆல்' கொடுத்து, நீங்களே பார்த்துச் சரிசெய்துவிட்டால் பின்னால் அதிர்ச்சி வராது.

"இது நம்ம காளையே இல்லீங்க"

தொழில்நுட்பக் கோளாறு இல்லை, ஆனால் இதைவிடச் செலவு வைக்கும் புகார் வேறில்லை. காங்கேயம் பக்கத்துத் தீவனக் கம்பெனிப் பெரியவர் ஒருவர் எங்கள் முதல் காளையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது எந்தூரு மாடுங்க?" என்று மட்டும் கேட்டார். வரைந்த பையன் இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுக் கார்ட்டூன் எருதைப் பார்த்து வரைந்திருந்தான். திமில் இல்லை, மூக்கில் வளையம், உடம்பு முழுக்க ஒரே பழுப்பு. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். வளர்ந்த பொலிகாளைக்குக் கழுத்தும் திமிலும் கருத்திருக்கும். சிவப்பாக வரைந்தால் அங்கத்திக் குழந்தைக்குக்கூட அது கன்று. சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரைய வேண்டியதை நாங்கள் கூகுளில் பார்த்தோம், அவ்வளவுதான்.

நிறத்தில் இன்னொரு வகைப் புகார் உண்டு. பிளெண்டரில் நல்ல மஞ்சளாக இருக்கும் கிழங்கு பிரவுசரில் வேறு மஞ்சளாகிவிடும். பிளெண்டர் 4.0 முதல் திரையில் காட்டுவதற்கு 'ஏஜிஎக்ஸ்' என்ற நிற மாற்றத்தைத் தானாகப் போடுகிறது, அது கெட்டி நிறங்களைக் கொஞ்சம் அடக்கிக் காட்டும். பிராண்டு நிறத்தைச் சரிபார்க்கும்போது அதை 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றிவையுங்கள், பிரவுசர் பக்கம் டோன் மேப்பிங்கையும் (அங்கே நடக்கும் இதே மாதிரி நிற மாற்றத்தை) அணைத்துப் பாருங்கள். முகம் மட்டும் விநோதமாகப் பளபளத்தால், நார்மல் மேப்பை (மேடுபள்ளத்தைக் குறிக்கும் படத்தை) நிறப்படமாக ஏற்றியிருப்பீர்கள்.

"தொட்டா மெதுவாத்தான் திரும்புது"

ஊடாடும் மாஸ்காட்டின் உயிர்நாடி இது. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் வேலை பார்த்த அனிமேட்டர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். குதிப்பதற்கு முன் குனிவது, அடிப்பதற்கு முன் கையை ஓங்குவது என்று முன்னசைவு வைக்கச் சொல்லித்தான் எல்லோருக்கும் பாடம். 12 ஃபிரேம் முன்னசைவு படத்தில் அழகு. விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் அது அரை விநாடி. தொட்டவருக்கு அரை விநாடி ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவர் மறுபடி தொடுவார். இரண்டாம் தொடுதல் முதல் அசைவை வெட்டும். மாடு வலிப்பு வந்ததுபோல் துடிக்கும்.

தொட்டதற்கும் திரை மாறுவதற்கும் இடையே பத்தில் ஒரு விநாடிக்குள் இருந்தால் உடனே நடந்ததாக மனசு எடுத்துக்கொள்ளும். அதை அளக்கக் கருவி ஒன்றும் வாங்க வேண்டாம். செல்போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி வீடியோ எடுங்கள். விரல் கண்ணாடியில் பட்ட ஃபிரேமிலிருந்து மாடு அசைந்த ஃபிரேம் வரை எண்ணுங்கள். 24க்குள் வந்தால் பத்தில் ஒரு விநாடி, சரி. 60, 70 என்று போனால் எங்கே நேரம் போகிறது என்று தேட வேண்டும்.

முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள். வீட்டு டிவியை ஸ்டாலில் மாட்டியிருந்தால், படத்தை மெருகேற்றும் வேலையிலேயே அது கணிசமான நேரம் எடுக்கும். 'கேம் மோட்' போட்டுவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். அப்புறம் அனிமேஷன். முன்னசைவை முழுதாக எடுத்துவிடச் சொல்லவில்லை, எடுத்தால் மரக்கட்டை ஆகிவிடும். தொட்ட இரண்டாம் ஃபிரேமிலேயே கண்ணும் காதும் தொட்ட பக்கம் திரும்பட்டும், தலையும் உடம்பும் பின்னால் மெதுவாக வரட்டும். காளைக்கு இந்த வசதி அதிகம், காது தனியாக அசையும் பிராணி. மஞ்சள் கிழங்குக்குக் காது இல்லாததால் தலையில் ஒரு இலை வைத்தோம்.

"சும்மா நிக்கும்போது பொம்மை மாதிரி இருக்குது"

இரண்டு விநாடி லூப் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் யாருக்கும் பத்து விநாடியில் தெரிந்துவிடும். மூச்சுக்கு 4 விநாடி, வாலுக்கு 7 விநாடி என்று ஒன்றோடொன்று சேராத நீளத்தில் தனித்தனி அடுக்காக வையுங்கள். இமைப்பதை லூப்பில் வைக்காமல், 2 முதல் 6 விநாடிக்குள் தோன்றிய நேரத்தில் நடக்கும்படி புரோகிராமில் விட்டுவிடுங்கள். மனிதர்கள் நிமிடத்துக்குச் சுமார் 15, 20 தடவை இமைப்பதால் அது இயல்பாகப் படும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாகத் தடுக்கினால், முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாக இருந்து இரண்டு தடவை ஓடுகிறது. கடைசியை வெட்டுங்கள்.

"நடந்தா கால் வழுக்குது"

கணக்குதான். ஒரு சுற்று நடைக்கு மாடு எத்தனை மீட்டர் கடக்கிறதோ, அதைச் சுற்றின் விநாடியால் வகுத்த வேகத்தில்தான் உடம்பு நகர வேண்டும். ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் வேகமும் ஒன்றரை மடங்கு.

"பாதி வந்ததும் மாடு மாயமாப் போச்சு"

திரையின் ஓரத்துக்கு வந்ததும், அல்லது பெரிதாகத் தாவினால், உருவம் பட்டென்று மறைகிறதா? திரைக்கு வெளியே இருப்பதை வரையாமல் விட்டு நேரத்தை மிச்சப்படுத்த புரோகிராம் ஒரு எல்லைப் பெட்டியை வைத்திருக்கும். அந்தப் பெட்டி மாடு அசையாமல் நின்றபோது போட்ட அளவு. மாடு தாவிப் போனாலும் பெட்டி பழைய இடத்திலேயே இருக்கும். பிரவுசரில் 3டி காட்டும் த்ரீஜேஎஸ்ஸில் அந்த உருவத்துக்கு 'ஃப்ரஸ்டம் கல்டு' என்பதை அணைத்துவிடுங்கள். கேம் எஞ்சினான யூனிட்டியில் 'அப்டேட் வென் ஆஃப்ஸ்கிரீன்' டிக் போடுங்கள். திரையில் ஒரே மாஸ்காட் என்றால் இதனால் வேகம் குறையாது.

"எழுத்து ஒடஞ்சு வருதுங்க"

மாஸ்காட்டின் பேச்சுக் குமிழியில் 'கொங்கு' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் சிதறுகிறதா? தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், கோப்பில் அது பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கும். இடம் மாற்றி வரையும் வேலையை எழுத்து எஞ்சின் செய்ய வேண்டும், பல அனிமேஷன் கருவிகள் செய்வதில்லை. யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் இது பழைய தொல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் என்றால் டைப் அமைப்புக்குள் போய் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு வகைக்கு மாற்றுங்கள். லாட்டியாக (பிரவுசரிலும் ஆப்பிலும் ஓடும் அனிமேஷன் கோப்பாக) எடுக்கும்போது எழுத்தை உருவமாக மாற்றிவிட்டு எடுங்கள், அப்போது ஃபான்ட் பிரச்சினையே வராது. வாசகம் அடிக்கடி மாறும் என்றால், பிரவுசரில் ஓடும் வேலைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குமிழியை அனிமேஷனுக்குள் வைக்காதீர்கள், மேலே சாதாரண வெப்பேஜ் எழுத்தாக மிதக்க விடுங்கள். பிரவுசருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சாவதுபோல் காட்டினால் இன்னொரு வேடிக்கை வரும். 'வாங்க' என்பது வ, வா, வாங, வாங், வாங்க என்று வந்து, புள்ளி தாமதமாக வந்து குந்தும். கணினி எண்ணுவது குறியீடுகளை, நாம் எண்ணுவது எழுத்துகளை. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற வசதி எழுத்து எழுத்தாகவே வெட்டித் தரும். அதை வைத்து ஓட்டுங்கள்.

"வாயும் பேச்சும் ஒட்டலீங்க"

வாயசைவை மாற்றுவதற்கு முன் ஸ்பீக்கர் வயரில் இருக்கிறதா, புளூடூத்தா என்று பாருங்கள். புளூடூத் ஒலி 0.1 முதல் 0.3 விநாடி வரை பிந்தலாம். வாய் முந்திக்கொண்டு போனதாகத் தோன்றும். ஒரு மசாலா ஸ்டாலில் இரண்டு மணி நேரம் வாய் ஃபிரேம்களை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தோம். மறுநாள் யாரோ வயர் ஸ்பீக்கரை மாட்டிவிட்டார்கள், எல்லாம் எதிர்ப்பக்கம் கெட்டது.

ஸ்பீக்கர் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால், ஒலியைக் கேட்டு வாயசைவு போடும் தானியங்கி லிப்சிங்க் ஆங்கிலம் என்று நினைத்துக் கேட்டிருக்கும். ரூபார்ப் லிப்சிங்க் கருவியில் ஆங்கிலத்துக்கு ஒரு முறையும், மற்ற மொழிகளுக்கு ஒலியை மட்டும் பார்க்கும் 'ஃபோனெடிக்' முறையும் உண்டு. தமிழுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகு கையால் திருத்த வேண்டியவை கொஞ்சம்தான். ம, ப வரும்போது உதடு கட்டாயம் ஒட்ட வேண்டும், அதை மட்டும் விட்டுவிட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். நெடில்களில் வாய் நிலைத்து நிற்கட்டும். ழ-வுக்காக நாக்கைச் செய்யாதீர்கள், வெளியே ஒன்றும் தெரியாது. வாய் ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னால் போவது பரவாயில்லை, பின்னால் வரக் கூடாது.

போனில் மட்டும் சத்தமே வரவில்லையா? பயனர் ஒரு தடவையாவது தொடும்வரை போன் பிரவுசர்கள் ஒலியைத் தானாக ஓட்ட விடுவதில்லை. ஆரம்பத்தில் 'தொடுங்க' என்று ஒரு பொத்தான் வைத்து, அந்தத் தொடுதலிலேயே ஒலியைத் திறந்துவிடுங்கள்.

பேச்சு ஒட்டுகிறது, ஆனால் மனசில் ஒட்டவில்லை என்று ஒரு புகாரும் வரும். சென்னையில் பதிவுசெய்த குரலில் எங்கள் காளை "வா, என்ன வேணும்?" என்றது. கடைக்கு வந்தவரை வா என்பதா? இங்கே மாட்டிடமே சிலர் ங்க போட்டுப் பேசுவார்கள். "வாங்க, என்னங்க வேணும்?" என்று மாற்றி, குழந்தை முன்னால் நின்றால் மட்டும் "வா கண்ணு" என்று வைத்தோம். ங்க-வில் வாய் சட்டென்று மூடாமல் கொஞ்சம் திறந்தபடி நிற்கட்டும், அந்த இழுவையில்தான் நம்மூர் இருக்கிறது.

"க்யூஆர் ஸ்கேன் பண்ணா மாடு கட்டடம் அளவுக்கு வருது"

க்யூஆரை ஸ்கேன் செய்தால் போன் கேமராவில் தெரியும் தரையிலேயே மாடு நிற்பதுபோல் காட்டும் வேலை இது. ஜிஎல்பி கோப்பில் ஒரு அலகு என்றால் ஒரு மீட்டர். சென்டிமீட்டர் கணக்கில் செய்திருந்தால் நூறு மடங்கு பெருத்துவிடும். ஐபோனில் மட்டும் மாடு வரவில்லை என்றால், அதற்கு யூஎஸ்டிஇசட் கோப்பு தனியாகக் கொடுக்க வேண்டும்.

தரையில் நிற்காமல் மிதந்து திரிந்தால் தரையைப் பாருங்கள். வெள்ளை டைல்ஸில் கேமரா பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் இருக்காது. ஒரு கடையில் பவானி ஜமக்காளத்தை விரித்துப் பார்த்தோம். பார்க்க அருமை. ஆனால் மாடு கோட்டின் போக்கிலேயே நழுவிக்கொண்டு போனது, நீளமான பட்டையில் எங்கே நின்றாலும் கேமராவுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். சீரில்லாத புள்ளியும் இலையும் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டிய பிறகே நின்றது.

"முன்னாடி நிக்கிறவங்களப் பாத்து ஆடுது, ஆனா கால் நடுங்குது"

கேமராவைப் பார்த்து மனிதரைப்போல் ஆடும் மாஸ்காட்டுகளுக்கு உடம்பில் மூட்டுகளைத் தேடும் மென்பொருள் வேண்டும். மீடியாபைப் என்றால் 33 புள்ளிகள். வேட்டியும் சேலையும் கட்டியவர்களின் முட்டி எங்கே இருக்கிறது என்று அதற்குச் சரியாகத் தெரியாது, ஊகிக்கும், ஊகம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், கால் நடுங்கும். இடுப்புக்கு மேலே மட்டும் கேமராவிடம் கொடுங்கள், காலுக்குத் தயாராக உள்ள அசைவை ஓட்டுங்கள். கை நடுக்கத்துக்கு அதை மழுக்கும் ஒன் யூரோ ஃபில்டர் போடலாம். அதிகமாக மழுக்கினால் மறுபடி தாமதம் வரும், ஸ்லோமோஷனில் எண்ணிப் பார்த்து நிறுத்துங்கள்.

"காலைல நல்லா இருந்துச்சு, சாயங்காலம் திணறுது"

டேப்லெட் சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடிய பிளைவுட் பெட்டிக்குள் வைத்திருந்தால் பின்பக்கம் ஓட்டை போடச் சொல்லுங்கள். அப்புறம் படங்கள்: 2048க்கு 2048 அளவுள்ள ஒரு படம் கோப்பில் 300 கேபி இருந்தாலும், கிராபிக்ஸ் நினைவகத்தில் விரிந்தால் 16 எம்பி. காளைக்கு ஏழெட்டுப் படம் வைத்திருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேடிஎக்ஸ்2 வகையில் சுருக்கினால் நினைவகத்திலும் சுருங்கியே இருக்கும். யாரும் முன்னால் இல்லாத நேரமாகப் பார்த்து மணிக்கொரு தடவை பக்கத்தைத் தானாக ரீலோட் செய்ய வைத்தால், நாள் முழுக்கச் சேரும் குப்பையும் போய்விடும்.

"பொம்மையை யாரோ ஆஃப் பண்ணிடறாங்க"

மூன்று நாள் கழித்துக் கடையில் போய்ப் பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும். கோளாறு ஒன்றும் இருக்காது. ஆள் கடக்கும்போதெல்லாம் "வாங்க வாங்க" என்று கத்தும் மாஸ்காட்டோடு எட்டு மணி நேரம் நிற்கும் விற்பனைப் பெண்கள் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். ஆஃபிஸ் 97இல் வந்த காகிதக் கிளிப் உதவியாளருக்கும் இதே கதிதான், 2001இல் வந்த ஆஃபிஸ் எக்ஸ்பியில் அது தானாக எட்டிப்பார்ப்பதை நிறுத்தினார்கள். ஆள் இரண்டு விநாடியாவது நின்றால்தான் குரல், ஒரு தடவை பேசினால் குறைந்தது அரை நிமிடம் மௌனம், நடந்து போகிறவருக்கு வெறும் காதசைவு மட்டும் என்று வையுங்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஊழியர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், பெட்டிக்குள் பூட்டாதீர்கள்.